சகலை தலைக்கு ரெண்டு கோட்டிங்

அந்தக் கேனைக் கொஞ்சம் பார்த்து, தம்பி. கால் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் மூடி லூஸ். உள்ளே ஆற்றுத் தண்ணீர். அம்பாசமுத்திரத்தில் விடிந்ததும் ஆற்றில் இறங்கிப் பிடித்தது. திருநெல்வேலியில் இந்த பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்டார், "பெரியவரே, திசையன்விளையில தண்ணியே இல்லையா, பஸ்ல தூக்கிட்டுப் போறீரு?" என்று. இருக்கிறது, இல்லாமல் என்ன. போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதில் தலையை அலசினால் கலர் நிற்குமா? நீங்களே சொல்லுங்க.

எந்தக் கலரா? தலைக்குப் போடுகிற கலர்தான். என் தலையைப் பாருங்க. கூச்சப்படாமல் நன்றாகப் பாருங்க. எனக்கு வயது அறுபத்தெட்டு. இது போட்டு இன்றைக்கு முப்பத்தோராவது நாள். காதோரம் பாருங்க, எல்லாரும் தோற்றுப்போகிற இடம் அதுதான். செம்பட்டை தெரிகிறதா? தெரியாது. நெற்றி ஓரத்தில் கறை இருக்கிறதா? இருக்காது. அதுதான் வேலை.

ஆனால் இந்தத் தண்ணீர் எனக்கில்லை. என் சகலைக்கு. என் மனைவியின் தங்கை புருஷன், பெயர் கோமதிநாயகம். எனக்கும் அவருக்கும் ஆகாது. முப்பத்தெட்டு வருஷமாக ஆகாது. ஆகாத ஆளின் தலைக்கு எதற்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்கிறீர் என்றுதானே பார்க்கிறீங்க. சொல்லுகிறேன். நீங்க எங்கே இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா, நல்லது.

நான் பெயிண்டர். மாடக்கண்ணு பெயிண்டர் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடித்தேன். சுண்ணாம்பு அடித்தேன், டிஸ்டம்பர் அடித்தேன், எமல்ஷன் அடித்தேன். நாற்பத்தாறு வருஷம். சுவரைத் தொட்டுப் பார்த்தே அதில் எது நிற்கும், எது உரியும் என்று சொல்லிவிடுவேன். மனிதர்களைத்தான் அப்படிச் சொல்ல வரவில்லை.

சகலை படித்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் அவர் கட்டியது இளையவளை. ஆக அந்த வீட்டுக்கு மூத்த மருமகன் நான். கேட்டுக்கிடுங்க, மூத்த மருமகன் நான். அவர் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டை வெள்ளையடித்தது யார்? நான். சுண்ணாம்பைத் தாளித்து, நீலம் போட்டு, கோந்து கலந்து, இரண்டு கை அடித்தேன். கல்யாணத்தன்று அந்தச் சுவர் ஓரத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டார்கள். அது புது மாப்பிள்ளைக்கு. சரி, புது மாப்பிள்ளை. மறுவீட்டுக்கு வந்தபோதும் அதே நாற்காலி அவருக்குத்தான். அடுத்த தீபாவளிக்கும் அவருக்குத்தான். எனக்கு முக்காலி. அதில் ஒரு கால் ஆடும். எந்த மூலையில் எது கிடந்தது என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பாள் என் வீட்டுக்காரி வேலம்மாள். "சின்ன விசயத்த எல்லாம் நீங்க ஒருத்தரே தூக்கிச் சுமக்கேளே, தோள் வலிக்கலையா?" என்பாள். வலிக்கவில்லை.

பெரிய விஷயம் நடந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். என் மைத்துனன் மகள் கல்யாணம். சித்திரை மாதம், மண்டபத்தில் பாதி மின்விசிறி சுற்றவில்லை. அப்போது எனக்கு நரை முற்றிவிட்டது. சகலைக்கு அறுபத்தஞ்சாகியும் காக்காய்க் கறுப்பு. அதற்கு முந்தின கல்யாணத்தில் ஒரு பெண் அவரை "மாமா" என்றும் என்னைப் "பெரியப்பா" என்றும் கூப்பிட்டுவிட்டது. அதனால் கடையில் ஒரு பாக்கெட் கறுப்புச் சாயம் வாங்கி, கல்யாணத்தன்று காலையில் அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டு போனேன். என் தொழிலுக்கே அது கேவலம், தெரியும். எண்ணெய் வழிகிற தலையில் போட்டேன். காயவிடவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன், வேர்த்தது. வேர்க்க வேர்க்க வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கியது. எனக்குத் தெரியவில்லை, நான் பாட்டுக்கு அவியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர் வரிசையில் சகலை. நல்ல சத்தமாகக் கேட்டார், "என்ன சகலை, கல்யாணத்துக்கு வந்தீங்களா, மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தீங்களா?"

மூன்று வரிசை சிரித்தது, தம்பி. ரசம் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வேலம்மாள் பெண்கள் வரிசையில் இருந்தாள், அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சகலை அதோடு விட்டாரா? தன் தலையை ஒருதரம் தடவிக்கொண்டு, "எங்களுக்குக் குடும்ப வாகு. எங்க அப்பாவுக்கு எம்பது வயசுலயும் ஒரு நரை பாத்தது கிடையாது" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த ஆள் முன்னால் ஒருநாள், தலையில் தண்ணீரையே ஊற்றினாலும் போகாத கறுப்போடு நான் நிற்கணும். சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்கணும். எனக்கு வேறு ஆசை கிடையாது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வேலையை விட்டாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் நானும் தப்புச் செய்தேன். சாயம் நிற்க என்ன வழி என்று யோசித்தேன். சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் நிற்க என்ன போடுவோம்? கோந்து. சரி என்று கருவேலங்கோந்தைக் காய்ச்சி, சாயத்தில் கலந்து, தலையில் இரண்டு கை அடித்தேன். நின்றது. ஏன் நிற்காது. காய்ந்ததும் தலை தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஆகிவிட்டது. விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன், சீயக்காய் போட்டுப் பார்த்தேன். வேலம்மாள் ஒரு சீப்பை உடைத்தாள். கடைசியில் முடிதிருத்துகிற கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இத வழிக்கணுமா, உடைக்கணுமா?" என்று கேட்டார்.

மொட்டை. தெருவில் எல்லாரும் கேட்டால் என்ன சொல்ல? திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டேன் என்று சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டு அம்மா பிரசாதம் எங்கே என்று கையை நீட்டுகிறாள். அப்புறம் அதற்காகவே ஒருநாள் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய், கும்பிட்டு, இலை விபூதி வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தேன். முருகனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

முடி திரும்ப வளர்கிற வரைக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார், "பாக்கெட்டை விடுங்க அண்ணாச்சி. மொத நாள் மருதாணி, மறுநாள் அவுரி. ரெண்டு நாள் வேலை." மருதாணி தெரியும், கைக்கு வைப்பது. அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கிற செடி, அந்த இலைப் பொடி. மருதாணி மட்டும் போட்டால் தலை சிவப்பாகிவிடும். அதன் மேல் அவுரி ஏறினால் கறுப்பு. அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. பிரைமர். முதலில் பிரைமர், அதன் மேல் கோட்டிங். நாற்பத்தாறு வருஷமாகச் சுவருக்குச் செய்ததைத் தலைக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை பாருங்க.

நீங்க சின்ன வயது, இப்போது வேண்டாம். ஆனால் தெரிந்து வைத்துக்கிடுங்க, உங்கள் அப்பாவுக்கு உதவும். முதலில் சுவரைச் சுரண்டணும். அதாவது தலையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக்கூடாது. எண்ணெய் பட்ட சுவரில் எந்தக் கொம்பன் பெயிண்டும் நிற்காது. இரண்டு நாளுக்கு முன்னாலேயே எண்ணெயை நிறுத்திவிட்டு, நன்றாகத் தேய்த்துக் குளித்துக் காயவிடணும். மருதாணியைத் தேயிலைத் தண்ணீரில் முந்தின நாளே கரைத்து வைக்கணும். போட்டு மூன்று மணி நேரம் உட்காரணும். அவசரப்பட்டால் பெயிண்டும் கெடும், ஆளும் கெடுவான். அலசி, காயவிட்டு, மறுநாள் அவுரி. அது கரைத்த உடனே போடணும், ஒரு சிட்டிகை உப்போடு. அப்புறம் வெறும் தண்ணீரில் அலசணும். நல்ல தண்ணீர், பச்சைத் தண்ணீர். அலசி முடித்ததும் கறுப்பு வந்துவிடாது, ஒரு மாதிரி பச்சை கலந்து நிற்கும். பயப்படக்கூடாது. இரண்டு நாளில் தானே கறுக்கும். அந்த இரண்டு நாளும் சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் தலைப்பக்கம் வரக்கூடாது. அப்புறம் வெந்நீரைத் தலையில் ஊற்றக்கூடாது. உச்சி வெயிலில் துண்டு இல்லாமல் நடக்கக்கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கத்தை விட்டுவிடணும். அதை விடுவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் அறுபது வருஷப் பழக்கம். நான் விட்டேன்.

வேலம்மாள் சொன்னாள், "ஒங்க தலைக்கு அடிச்ச கோட்டிங்குல ஒண்ணே ஒண்ண நம்ம வீட்டுச் சுவர்ல அடிச்சிருந்தா வீடு வெளங்கியிருக்கும்." எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அது வேறு கதை.

ஆக, வேலை கைக்கு வந்துவிட்டது. நாற்பது நாள் நிற்கிறது. ஆனால் காட்ட வழி இல்லை. நான்கு வருஷம் காத்திருந்தேன். இடையில் இரண்டு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம் வந்தது. மூன்றிலும் சகலை வரவில்லை. ஒன்றில் வயிற்றுக்கடுப்பு என்றார்கள். வேணும் என்றே வராமல் இருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

போன தை மாதம் பத்திரிகை வந்தது. சகலைக்கு எழுபது முடிகிறது, சாந்தி செய்கிறார்கள். அறுபதாம் கல்யாணம் மாதிரியேதான். ஹோமம் வளர்த்து, கணவன் மனைவி இரண்டு பேரையும் மணையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஊற்றுவார்கள். பத்திரிகையை வேலம்மாள்தான் படித்தாள். படித்து முடித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க வந்து எதையாவது செஞ்சு வைக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள். நான் என்ன செய்யப் போகிறேன்? அஞ்சு நாளுக்கு முன்னால் மருதாணி போட்டேன், மறுநாள் அவுரி போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

முதல்நாளே திசையன்விளைக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு வழக்கம், சாந்திக்கு முந்தின நாள் தம்பதிக்குப் பெரியவர்கள் உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். அவர்களுக்கு வைத்த கையோடு வந்திருக்கிற உறவுக்காரர்களுக்கும் ஒரு கை வைத்துவிடுவார்கள். ஒரு கிழவி கிண்ணத்தோடு என்னை நோக்கி வந்தாள். எனக்குச் சளி என்று சொல்லி மாட்டுத் தொழுவம் வரைக்கும் ஓடினேன். அங்கே நின்று பார்த்தேன், சகலை தலையில் எண்ணெய் வழிகிறது. குடும்ப வாகுதானே, அவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை. ஊர்க் கோயில் மண்டபம். சகலை புது வேட்டி, வெள்ளை என்றால் வெள்ளை, கண் கூசுகிறது. தலை எப்போதும் போலக் கறுப்பு. எப்போதையும் விடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. பக்கத்தில் கொழுந்தியாள் பிரமு கூறைச்சேலையில். நான் அவர் காதோரத்தைப் பார்த்தேன். நாற்பத்தாறு வருஷம் சுவர் பார்த்த கண், தம்பி. காதுக்குப் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு கறை. பெயிண்டர் மாஸ்க்கிங் டேப் ஒட்டாமல் ஜன்னல் அடித்தால் எப்படி ஓரத்தில் ஏறும், அப்படி.

குடும்ப வாகு இல்லை, சாயம்.

அய்யர் கூப்பிட்டார், "மொதல்ல யார் வர்றா? அம்மா பொறந்த வீட்டுப் பக்கம் மூத்த மாப்பிள்ளை வரலாம்." பார்த்தீங்களா, அங்கேயும் மூத்த மாப்பிள்ளை நான்தான். எழுந்து போனேன். குடத்தை என் கையில் கொடுத்தார்கள். வேலம்மாள் பின்னாலிருந்து மெதுவாக, "லேசா தெளிச்சா போதும்" என்றாள். வழக்கம் என்ன? ஊற்றுவது. தெளிப்பது இல்லை. நான் வழக்கப்படி ஊற்றினேன். சல்லடையின் நடுவில் ஊற்றினேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு குடத்தில் முக்கால் குடம்.

பிரமு தலையிலிருந்து தெளிந்த தண்ணீர் இறங்கியது. சகலை தலையிலிருந்து கறுப்பாக இறங்கியது.

முதலில் நெற்றியில் ஒரு கோடு. அது விபூதியைக் கடந்து மூக்கு நுனிக்கு வந்தது. அப்புறம் காதோரம் இரண்டு பக்கமும். அப்புறம் மார்பில். வேட்டி மடியில் சொட்டச் சொட்ட மை கொட்டின மாதிரி விரிந்தது. முன் வரிசையில் யாரோ ஒரு பெண் "அய்யோ சித்தப்பா" என்றாள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு ஆரம்பித்தது. அதுதான், ஆறு வருஷத்துக்கு முன்னால் பந்தியில் ஆரம்பித்த அதே சிரிப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சகலை கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. வேட்டியில் துடைக்க முடியாது, பிரமு சேலையில் துடைக்க முடியாது. கையை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எழுபது வயது ஆள். என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, என் தலையை இன்னும் காட்டவில்லையே என்று. இதற்குத்தானே ஆறு வருஷம். குடத்தில் கால் குடம் மிச்சம் இருந்தது. தூக்கி என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். சட்டையோடு, துண்டோடு. "பாத்துக்கிடுங்க, தண்ணி தெளிஞ்சு வருதா இல்லையா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். குனிந்து தலையை உதறிக் காட்டினேன். வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

ஆனால் பாருங்க, ஜனங்களுக்கு எதைப் பார்க்கணும் என்று தெரியவில்லை. என் சட்டையை யாரும் பார்க்கவில்லை. மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அய்யர், "ஓய், தீர்த்தம் தம்பதிக்கு. உமக்கு எழுபது ஆகட்டும், தனியாச் செய்யலாம்" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. அந்தக் கூத்தில் பிரமு ஒரு துண்டை எடுத்து சகலை முகத்தைத் துடைத்துவிட்டாள், யாரோ வேறு வேட்டி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஊற்றி முடிக்கும்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. சகலை தலை, பாதி நரை பாதி கறுப்பு, வாளி சாய்ந்து கறை படிந்த சுவர் மாதிரி. அதை யாரும் பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தி முழுக்க நான் குடம் கவிழ்த்த பேச்சுத்தான்.

வேலம்மாள் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "நீங்க செஞ்சது பெரிய காரியம். அவரு மானத்தக் காப்பாத்திட்டீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் யாரைக் காப்பாற்றினேன்? என் கலர் நிற்கிறது என்று காட்டினேன். நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறாள், என்னைப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

சாப்பிட்டுக் கை கழுவ மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அண்டா விளக்குகிற இடம். பின்னாலேயே அவரும் வந்தார், கோமதிநாயகம்.

"சகலை."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"சகலை, ஒரு நிமிசம்."

"சொல்லுங்க."

"ஒங்களுக்கு மட்டும் எப்படி நிக்கு?"

தம்பி, முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. நான் நிதானமாகக் கையைத் துடைத்தேன். "எங்களுக்குக் குடும்ப வாகு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே பாத்திரம் விளக்குகிற திண்டில் உட்கார்ந்தார். "பன்னெண்டு வருசமாப் போடுதேன், சகலை. பிரமுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கா. ஒவ்வொரு தடவையும் பயம். மழ வந்தா பயம், வேர்த்தா பயம். அந்தக் காதுகுத்துக்கெல்லாம் அதான் வரல. இன்னைக்குக் காலையில போட்டேன்."

"எண்ணெ வச்ச தலையிலயா?"

"ஆமா."

"அடிச்ச அன்னைக்கே தண்ணி பட்டா எது நிக்கும்? எண்ணெச் சுவர்ல பெயிண்டு அடிப்பாங்களா யாராவது?"

"நான் சுவரக் கண்டேனா? எனக்குத் தாளு தெரியும், பேனா தெரியும். ஒங்க தொழில் எனக்குத் தெரியாது" என்றார்.

உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வைக்க இவ்வளவு வருஷம் ஆனது. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீங்க. அந்தப் பந்திப் பேச்சு பந்திப் பேச்சுதான், அதை அவர் இன்னும் திரும்ப வாங்கவில்லை. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறது இல்லையா. ஒருத்தர் சுவர் உரிந்து கிடக்கிறது என்று வந்து நின்றால், ஆகாதவர் என்று பார்த்து பிரஷ்ஷைக் கீழே போடுகிற பெயிண்டர் இல்லை நான்.

ஒரு தடவை வந்து செய்துகாட்டுகிறேன் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை. மாசி மாதம் வந்தேன். முற்றத்தில் வேப்பமரத்தடியில் பழைய பேப்பரை விரித்து, அவர் தோளில் பழைய சேலையைச் சுற்றி, புது ஒரு இன்ச் பிரஷ்ஷில் அடித்தேன். தலை என் கைக்கு வாகாக எட்டணும் என்று அவரை முக்காலியில் உட்காரவைத்தேன். நான் கைவைத்த நாற்காலியில். வேலைக்காகத்தான். மருதாணி போட்டு மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கணும். அவர் எங்கே போவார்? நான் முக்காலி விஷயத்தை எடுத்தேன். எல்லாவற்றையும் வருஷ வாரியாகச் சொன்னேன். "முக்காலியா? எனக்கு ஞாபகமே இல்லையே சகலை" என்றார். அதற்கு ஒரு சண்டை. பிரமு இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். இரண்டாம் கோட்டிங் மறுநாள்தான் என்பதால் அங்கேயே தங்கணும், வேறு வழி இல்லை. ஆகாத வீட்டில் தங்கினேன். மீன்குழம்பு வைத்தாள். குறை சொல்ல முடியாது.

நாற்பது நாள் நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கை, என் பெயர். ஆனால் இருபது நாளில் போன். பிரமு பேசினாள், "அத்தான், கலர் போயிட்டு. ஒருநாள் வந்துட்டுப் போங்க." தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். அதனால்தான் இந்தக் கேன். இரண்டாம் தடவை ஆற்றுத் தண்ணீரில் அலசினேன். அதுவும் இருபது நாள். மூன்றாம் தடவை, நான்காம் தடவை, அதே இருபது நாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. என் தலையில் நாற்பது நிற்கிறது, இவர் தலையில் நிற்கவில்லை என்றால் என் வேலையில்தானே குறை?

போன தடவை பிரமு தனியாக வந்து சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே சொல்லுகிறாள், "அத்தான், இதச் சொன்னேன்னு அவுங்ககிட்ட சொல்லிராதீங்க. இருபதாம் நாள் ஆச்சுன்னா இவுங்க ரெண்டு தடவ ஷாம்பு போட்டுக் குளிக்காவ. அப்புறம் உச்சி வெயில்ல மொட்ட மாடில போயி நிக்காவ. ஏன்னு கேட்டா, அத்தானுக்குப் போன் போடு, கலர் போயிட்டுன்னு சொல்லுங்காவ."

பார்த்தீங்களா? எப்படிப்பட்ட ஆள் என்று இப்போதாவது தெரிகிறதா? நான் நாற்பது நாள் என்று சொன்னதைப் பொய்யாக்கணும். மாடக்கண்ணு அடித்தது நிற்கவில்லை என்று ஊர் சொல்லணும். அதற்காக எழுபது வயதில் மொட்டை மாடியில் நின்று வெயில் காய்கிறார். இதைப் போய் வேலம்மாளிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். பிரமுவும் சிரிக்கிறாள். அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி, எதற்குச் சிரிப்பது என்று கிடையாது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார். எனக்கும் வழி தெரியும். அவர் இருபது நாளில் அழித்தால் நான் இருபது நாளில் வருவேன். பத்து நாளில் அழித்தால் பத்து நாளில். இன்றைக்குப் பதினேழாவது நாள்தான் ஆகிறது, இன்னும் போன்கூட வரவில்லை, பார்த்துக்கிடுங்க. நானே கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை நாலு செட் மாற்றுத் துணியோடு வந்திருக்கிறேன். யார் முதலில் அலுத்துப்போகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.